தலைமாட்டு இடம்

மெத்தையைத் தூக்கிப் பார்த்த பிறகுதான், இத்தனை மாதமாகத் தான் வாழைப்பழப் பெட்டியின் மேல் படுத்திருந்தது ஃபூசிக்குத் தெரிந்தது.

மெத்தையின் ஒரு பக்கத்தை அவள் பிடித்திருந்தாள். மறுபக்கத்தைப் பிடித்திருந்தவர் நாத்தனார் மெலெனைதே. அன்று மதியம்தான் டோங்காவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியிருந்தார். கறுப்புப் பாவாடை, அதன் மேல் துக்கத்துக்காக இடுப்பைச் சுற்றிய பழைய பாய், காலில் செருப்பு, ஆக்லாந்து மழையில் நனைந்த முதுகு. வந்தவர் ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்கவில்லை. "தம்பிக்கு விரிக்கிற சீலைய எடு, வெயில் வந்தா ஒரு தட்டு தட்டி வைக்கலாம்" என்று நேராகப் படுக்கையறைக்கு வந்துவிட்டார்.

பட்டைச்சீலையை எங்கள் டோங்கா ஆட்கள் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. மெத்தைக்கும் கட்டில் பலகைக்கும் நடுவில் போட்டு வைப்பார்கள். மரப்பட்டையை ஊறவைத்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டி அகலமாக்கி, ஒட்டி, செம்பழுப்புச் சாயத்தில் கோடு போட்ட சீலை அது. ஃபூசியின் கல்யாணத்துக்காக வவாவூ தீவில் அவளுடைய ஊரே கூடிச் செய்தது. விரித்தால் கூடமே போதாது. பிறப்பு, கல்யாணம், சாவு என்றால் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் அதன் மேல் படுத்துத் தூங்குவார்கள்.

இப்போது அங்கே இருந்தது தட்டையாக அமுக்கிய வாழைப்பழப் பெட்டிகளும் இரண்டு பழைய கம்பளியும்.

"என்ன ஃபூசி இது?" என்றார் மெலெனைதே.

"அண்ணி, இங்கதான் இருந்துச்சு. என் கையால போட்டேன் அண்ணி."

"எது? இந்த வாழைப்பழமா?"

முந்தின நாள் ஞாயிறு காலை, தேவாலயத்துக்குக் கிளம்புகிற நேரத்தில், ஃபூசியின் புருஷன் சதேகி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியிருந்தார். புதன்கிழமை சாயங்காலம் உடம்பு வீட்டுக்கு வரும். விடிய விடியப் பாட்டு. வியாழன் காலையில் அடக்கம். நாத்தனார் கண் முன்னால் இப்படி அட்டைப்பெட்டியோடு நிற்பதைவிடத் தானும் கூடப் போயிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது. அப்பா கூடப்பிறந்தவள் என்றால் எங்களுக்கு அந்த அப்பாவுக்கும் ஒரு படி மேல். சாவு வீட்டில் தலைமாட்டில் உட்காருகிற உரிமை அவளுக்குத்தான். போதகர் வந்தாலும் அவள் பக்கம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

"நான்தாம்மா எடுத்தேன்."

வாசலில் லெசியேலி நின்றிருந்தாள். சதேகியின் ஒரே பெண். பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் படிப்பு, கடைசி வருஷம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளுக்கு எதுவும் உள்ளே இறங்கவில்லை. தட்டில் வைத்தால் சாப்பிட்டாள். கட்டிப்பிடித்து அழுதவர்களின் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியைப் பார்ப்பது மாதிரிதான் எல்லாம் தெரிந்தது.

"எங்க இருக்கு?"

"யூனிவர்சிட்டில. செவுத்துல."

"செவுத்துலயா?" ஃபூசி மெத்தையை விட்டுவிட்டாள். அது மெலெனைதேயின் கையையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. "யாரக் கேட்டு எடுத்த?"

"அப்பாதான் எடுத்துக் கொடுத்தார்."

"செத்தவர் மேல பழியப் போடாத, பாவி!"

"நெசமாம்மா. நீ வேலைக்குப் போயிருந்த. ரெண்டு பேரும் சேர்ந்துதான் எடுத்தோம். மெத்தை தணிஞ்சா உனக்குத் தெரிஞ்சிரும்னு அவர்தான் பெட்டியெல்லாம் வெச்சார்."

இதைக் கேட்டதும் ஃபூசிக்குக் கோபம் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, "ஏன்யா இப்படிப் பண்ணினே" என்று செத்துப்போனவரையே கேட்டு அழ ஆரம்பித்தாள். மெலெனைதே மட்டும் லெசியேலியை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல என்னடி பண்ணின?" என்றார்.



*

சீலையை எடுத்தது ஏப்ரல் மாதம். சதேகிக்கு டயாலிசிஸ் இல்லாத நாள். வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு குளிர்க்கிடங்கில் இருந்தார். உறைந்த கறியும் மீனும் பெட்டி பெட்டியாக அடுக்குகிற வேலை. வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளைத் தொடமாட்டார். சமையலறை நடுவில் நின்று இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொள்வார். "இருங்க இருங்க, கை உசுருக்கு வரட்டும்" என்பார். கை உசுருக்கு வந்த பிறகுதான் தூக்குவார்.

அன்றைக்குக் கார் ஷெட்டைப் பெருக்கி, தரையில் பாய் போட்டு, அதன் மேல் சீலையை விரித்தார்கள். லெசியேலிக்கு அப்பாவைப் படுக்க வைத்துச் சுற்றிலும் கோடு இழுக்க வேண்டும், அவ்வளவுதான் யோசனை. அதன் பிறகு உள்ளே என்ன செய்வதென்று பார்த்துக்கொள்ளலாம்.

"எனக்கு விரிக்கத்தான வெச்சிருக்கா உங்கம்மா? உசுரோட இருக்கும்போதே ஒருதரம் படுத்துப் பாத்துக்கறேன்" என்றார் சதேகி. படுத்தார். "பரவால்லடி. வசதியாத்தான் இருக்கு. போறப்ப கஷ்டமிருக்காது."

"பேசாதீங்கப்பா, ஆடுது."

"ஆடுறது சீலையா, உன் கையா?"

கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். அவள் இடது தோளில் ஆரம்பித்தாள். பட்டைச் சாயத்தைத் தூரிகையில் தொட்டு, கை ஓரம், ஊசி போட்டுப் போட்டு வீங்கிய முழங்கை, விரல்கள், இடுப்பு, கால், பாதம், மறுபாதம், மேலே ஏறி வலது தோள். கழுத்துக்கு வந்ததும் கை நின்றது.

அப்பாவின் தலைக்கு மேலே பிள்ளைகளின் கை போகக் கூடாது. போனதுமில்லை. அவருடைய தலையணையில் படுத்ததில்லை, அவர் தின்ற மிச்சத்தைத் தின்றதில்லை. சின்ன வயதில் தோளில் ஏறும்போதுகூட முடியைப் பிடிக்காமல் சட்டைக் காலரைப் பிடித்துக்கொள்வாள். யாரும் அடித்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. அது கையிலேயே இருந்தது. தொடாமல் தூரிகையை மட்டும் சுற்றிக் கொண்டுபோகலாமா என்று பார்த்தாள். போகவில்லை. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டாள்.

சதேகி எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"தல எங்கடி?"

அவள் தரையைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்தார்.

"சரி விடு. அது என்கிட்டயே இருக்கட்டும்."

பல்கலைக்கழகத்தில் வாரா வாரம் வெள்ளிக்கிழமை விமர்சன வகுப்பு உண்டு. ஒருவருடைய வேலையைச் சுவரில் மாட்டிவிட்டு எல்லோரும் சுற்றி நின்று பேச வேண்டும். செய்தவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறதென்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் அங்கே பழக்கம். லெசியேலியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தல இல்ல. அதுதான் ஒரு மாதிரி பண்ணுது" என்றான் ஒருவன்.

"இவங்க அப்பா ஃபேக்டரில இருந்தவர்தான? அங்க கையும் காலும் இருந்தாப் போதும். தலை எதுக்கு?" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் 'ம்' கொட்டினார்கள். அந்த 'ம்' அறையைச் சுற்றி வந்தது. ஆசிரியை ஹீதர் சீலைக்கு அருகில் போய் அந்தக் கழுத்துக் கோட்டையே பார்த்துவிட்டுத் திரும்பினாள். "வெட்டிட்ட. துணிஞ்சு வெட்டிட்ட லெசியேலி. இந்த வருஷம் நான் பாத்ததுல இதுதான் வலுவான முடிவு. இப்ப நீ பேசு."

தொடக் கூடாது, அதனால் தொடவில்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் அத்தனை பெரிதாகப் பேசிய பிறகு அது வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை சொல்லும் சாக்கு மாதிரி அவளுக்குப் பட்டது.

"ஆமா" என்றாள்.

பிறகு அவர்கள் சொன்னதையே அழகான இங்கிலீஷில் எழுதி, அட்டையில் அச்சடித்து, சீலைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அது வருஷக் கடைசிக் கண்காட்சிக்குத் தேர்வாயிற்று. நகரத்துக் கலைக்கூடத்தார் ஒவ்வொரு வருஷமும் அந்தக் கண்காட்சியில் ஒரே ஒருவரைப் பொறுக்குவார்கள். வேலை செய்ய அறை, மாதச் சம்பளம், ஒரு முழு வருஷம். படித்து முடித்த பெரும்பாலோர் காபிக் கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் போய் நிற்கும்போது ஒருவர் மட்டும் கலைஞராகவே காலையில் எழுந்திருப்பார். அந்த வருஷம் லெசியேலிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். சதேகி டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பக்கத்து நாற்காலிக்காரரிடமெல்லாம், "என் பொண்ணு என்னைச் செவுத்துல தொங்கவிட்டிருக்கா, தெரியுமா?" என்று பெருமையடித்தார்.

கலைக்கூடத்தார் பார்க்க வருகிற நாள் வியாழன் காலை.

*

செவ்வாய்க்கிழமை மழை விட்டு விட்டுப் பெய்தது. அண்ணன் ஃபொலாவு வேனை ஓட்டினான். கிடங்கில் பெட்டி தூக்குகிற வண்டி ஓட்டுபவன், அப்பா மாதிரியே அகலம். முன் இருக்கையில் மெலெனைதே, மடியில் சீலையைச் சுற்றிக் கொண்டுவர வெள்ளைப் போர்வை. லெசியேலி பின்னால் சேப்பங்கிழங்குச் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தேவாலயத்தார் கொடுத்த கிழங்கு, இறக்க நேரமில்லை.

"நாலு வருஷம் படிச்சு, கடைசில துணியச் செவுத்துல மாட்டியிருக்கா" என்றான் ஃபொலாவு. "நானும் தெனம் குளிச்சிட்டுத் துண்ட மாட்டறேன். எனக்கு எவன் பட்டம் கொடுத்தான்?"

"ரோட்டப் பாத்து ஓட்டுடா" என்றார் அத்தை.

"இல்லத்தே, கேக்கறேன். அம்மா முகத்துல இப்ப முழிக்க முடியுதா? சபையில எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கா, என் கல்யாணச் சீலைதான் அவருக்குன்னு."

"அவன் பேசிட்டுப் போகட்டும் பிள்ளை. அழுதா வண்டி ஓட்ட முடியாதுன்னு பேசறான்" என்று பின்னால் திரும்பிச் சொன்னார் அத்தை. வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கண்காட்சி அறையில் ஹீதர் ஒரு விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தாள். லெசியேலியைப் பார்த்ததும் ஏணியிலிருந்து இறங்கி வந்து கட்டிக்கொண்டாள்.

"நீ எதுக்கும்மா வந்த? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எல்லாம் பாத்திருப்பேனே."

"எங்க அத்தை" என்றாள் லெசியேலி.

மெலெனைதே யாரையும் கவனிக்கவில்லை. சுவரையே பார்த்தபடி நேராக நடந்தார். மேலேயிருந்து கீழே வரை சீலை தொங்கியது. ஊர்ப் பெண்கள் போட்ட பழைய கட்டங்களும் பூக்களும் கீழே மங்கலாக. அவற்றின் மேல் கறுஞ்சிவப்பாக ஒரு ஆளின் கோடு. அவர் அருகில் போய் அதன் காலைப் பார்த்தார்.

"சதேகி காலேதான். பெருவிரல் வெளிய பாக்குது பாரு. தேங்கா உரிக்கிற கம்பியில குத்திக்கிட்டான், ஏழெட்டு வயசுல. நான்தான் தூக்கிட்டு ஓடினேன்." கண் கால் வழியே ஏறி, இடுப்புக்கு வந்து, தோளுக்கு வந்து நின்றது. கழுத்துக்கு மேலே வெறும் கட்டமும் பூவும்.

ஃபொலாவு இருமினான். அவனும் இப்போதுதான் பார்க்கிறான்.

"அந்த அட்டைல என்ன எழுதியிருக்கு?" என்றார் அத்தை.

"சும்மா விளக்கம் அத்தை."

"படி."

"இங்கிலீஷ்ல இருக்கு."

"உனக்கு நம்ம பேச்சு வருமில்ல? நம்ம பேச்சுல சொல்லு."

லெசியேலி அட்டைக்கு முன்னால் நின்றாள். நூறு தடவை படித்ததுதான். இங்கிலீஷில் அது வழுக்கிக்கொண்டு போகும்.

"இவர் எங்கப்பா" என்று ஆரம்பித்தாள். "குளிர்க்கிடங்குல வேலை பாத்தார். அவங்களுக்கு அவரோட கை வேணும், கால் வேணும். தல..."

அத்தை காத்திருந்தார்.

"தல வேண்டியிருக்கல."

"யாருக்கு?"

லெசியேலி அட்டையையே பார்த்தாள்.

"உன்னைத்தான கேக்கறேன். யாருக்கு வேண்டியிருக்கல? அவங்களுக்கா, உனக்கா?"

"நான் தொடல அத்தை." குரல் அவளுக்கே தூரத்திலிருந்து கேட்டது. "தொடக் கூடாதுன்னுதான் நிறுத்தினேன். வேற ஒண்ணுமே நினைக்கல. இவங்க எல்லாம் வேற என்னவோ சொன்னாங்க. கேக்க நல்லா இருந்துச்சு. ஆமான்னுட்டேன்."

ஹீதர் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள், பேச்சு புரியாவிட்டாலும்.

"சதேகி பாத்தானா?" என்றார் மெலெனைதே.

"பாத்தார். தல எங்கடின்னு கேட்டார். அப்புறம், சரி, அது என்கிட்டயே இருக்கட்டும்னார்."

அத்தை மூக்கால் சிரித்தார். "நாய்ப்பய. அப்படித்தான் சொல்லுவான்." இடுப்புப் பாயின் ஓரத்தால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு, "அந்தப் பொம்பளை என்ன சொல்றா? கேளு" என்றார்.

ஹீதர் மெதுவாகச் சொன்னாள். வியாழன் காலை வருவார்கள். நாளை மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் நடக்காது. படங்களை எடுத்து அனுப்பலாம்; ஆனால் நேரில் பார்க்காததைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பது அவர்களுடைய விதி. "வியாழன் மத்தியானம் எடுத்துட்டுப் போக முடியாதா லெசியேலி? நானே வண்டில கொண்டுவந்து தர்றேன்."

"வியாழன் காலைல இது மண்ணுக்குள்ள போயிடும்."

"மண்ணுக்குள்ளயா?" ஹீதர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லெசியேலி அத்தையிடம் எல்லாவற்றையும் அப்படியே சொன்னாள், ஒரு வருஷத்துக்கு அறை, சம்பளம், ஒரே ஒருவர் என்பதையும் சேர்த்து. சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

"இது கிடைச்சா நீ இந்த வேலையே பண்ணலாம், அப்படித்தான?"

"ஆமாத்தே."

"கிடைக்கலன்னா?"

"தெரியல. ஃபொலாவு அண்ணன்கூட கிடங்குக்குப் போகணும்."

"பாவம் கிடங்கு" என்றான் ஃபொலாவு.

"சரி, கேட்டுக்கோ" என்றார் அத்தை. "தலைமாட்டுல உக்காரப்போறது நான். அங்க என்ன விரிக்கணும்னு நான் சொன்னா சொன்னதுதான். வேற சீலை வாங்கிட்டு வரச் சொல்றேன், சபையில பத்துப் பேர் கொடுப்பாங்க. உங்கம்மா அழுவா, அவளை நான் பாத்துக்கறேன். இது இங்கயே இருக்கட்டும்னாலும் சரி, எடுக்கணும்னாலும் சரி. நீ சொல்லு."

அத்தையைப் போல ஒருவர் அப்படிக் கேட்டுவிட்டால் அதைவிடப் பெரிய அனுமதி எங்கள் வழக்கத்தில் இல்லை. தங்கட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லெசியேலிக்கும் அது தெரிந்தது. மனசு எந்தப் பக்கமும் சாயவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. கண் மட்டும் அந்த அட்டைக்குப் போனது. வியாழன் காலை அந்நியர்கள் நாலு பேர் அதன் முன்னால் நிற்பார்கள். தலை எங்கே என்று பார்ப்பார்கள். பிறகு 'ம்' என்பார்கள். அதே நேரத்தில் வீட்டில் சவப்பெட்டியை மூடிக்கொண்டிருப்பார்கள்.

அவள் போய் அட்டையைப் பிய்த்தாள். ஓரம் சுவரோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நகத்தால் சுரண்டி எடுத்துக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். அப்புறம் ஏணியை இழுத்து வந்து மேலே ஏறி, சீலையைப் பிடித்திருந்த காந்த வில்லைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஹீதரின் உள்ளங்கையில் போட்டாள். கீழே ஃபொலாவு இரண்டு கையையும் நீட்டிச் சீலையை வாங்கிக்கொண்டான். மடிக்கும்போது ஹீதர், "நான் ஒரு ஓரத்தைப் பிடிச்சுக்கலாமா?" என்று கேட்டாள்.

அந்த வருஷம் கலைக்கூடத்தார் கொடுக்கும் அந்த இடம் உடைந்த கண்ணாடியில் வேலை செய்த ஒரு பையனுக்குப் போயிற்று.

*

"தலையில்லாத சீலைய எப்படி அண்ணி விரிக்கறது? வர்றவங்க எல்லாம் சிரிக்க மாட்டாங்களா?" என்று ஃபூசி அன்றைக்கு முழுக்கப் புலம்பினாள்.

"விரி. எங்க உக்காரணும்னு எனக்குத் தெரியும்" என்றார் மெலெனைதே.

புதன் சாயங்காலம் உடம்பு வந்தது. கூட்டம் கூட்டமாகப் பாயும் சீலையும் பூமாலையும் தூக்கிக்கொண்டு சனங்கள் வந்தார்கள். முற்றத்தில் கூடாரம், கூடத்தில் பாட்டு. அதையெல்லாம் லெசியேலி காதால்தான் கேட்டாள். செத்தவரின் பிள்ளைகளுக்கு உள்ளே இடமில்லை. முடியை அவிழ்த்துவிட்டு, தலைவரைக்கும் மூடுகிற கிழிந்த பாயைச் சுற்றிக்கொண்டு பின்கட்டில் வேலை செய்ய வேண்டும். அவளுக்கு அது வசதியாகவே இருந்தது. கிழங்கைச் சீவு என்றால் சீவினாள். சேம்பிலையில் டின் கறியும் வெங்காயமும் வைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டினாள். ஃபொலாவு மண்ணடுப்பில் கல்லைச் சூடாக்கிக்கொண்டிருந்தான், மழைக்குத் தகரம் பிடித்தபடி. புகையில் அவன் கண் சிவந்திருந்தது. புகையில்தான் என்று அவனே இரண்டு முறை சொன்னான்.

வியாழன் விடிந்ததும் ஆட்டு விலாக்கறி வந்தது. கல்லாக உறைந்த பெட்டிகள். அடக்கம் முடிந்து வருகிற அத்தனை பேருக்கும் மதியம் அதுதான். வெந்நீர் ஊற்றினால் கறி கெட்டுவிடும் என்று சபைப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். லெசியேலி குந்தி உட்கார்ந்து துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் விரல் எரிந்தது, அப்புறம் எரியவில்லை. அப்புறம் விரல் இருப்பதே தெரியவில்லை. அவள் நிறுத்தவில்லை.

"லெசியேலி! கடைசி முத்தத்துக்குக் கூப்பிடறாங்க. மூடப் போறாங்க" என்று யாரோ கத்தினார்கள்.

பாயை இழுத்து மூடிக்கொண்டு குனிந்து உள்ளே போனாள். கூடம் முழுக்கச் சீலை. அவள் இழுத்த கோட்டின் மேல், தலைப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு, சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். பெட்டிக்கு வெளியே இரண்டு பக்கமும் கைக்கோடு மட்டும் கொஞ்சம் தெரிந்தது. தோளுக்கு மேலே கோடு நின்றுபோன இடத்தில், அந்த வெறும் இடத்தை முழுக்க நிறைத்துக்கொண்டு, மெலெனைதே அத்தை சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நேற்று சாயங்காலத்திலிருந்து எழுந்திருக்கவில்லையாம். வந்தவர்கள் யாருக்கும் அங்கே எதுவும் குறைவதாகத் தெரியவில்லை.

ஃபூசி முத்தமிட்டுவிட்டு நகர்ந்தாள். ஃபொலாவு அப்பாவின் கையைத் தொட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டான். லெசியேலி முழங்காலில் நகர்ந்து வந்தாள். வழக்கப்படி கால்மாட்டிலேயே நின்றாள்.

"இங்க வா" என்றார் அத்தை.

"அத்தை..."

"வான்னா வா. நான் இருக்கேன்ல." அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இழுத்து, சதேகியின் தலையின் இரு பக்கமும் வைத்தார். "பிடி. நல்லாப் பிடிச்சுப் பாரு."

லெசியேலி பிடித்தாள். பார்த்தாள். தன் கை அப்பாவின் தலைமேல் இருந்தது. அது கண்ணுக்குத்தான் தெரிந்தது.

"தெரியல அத்தை."

"என்ன தெரியல?"

"கறி பிரிச்சேன்ல... கை மரத்துப்போச்சு. ஒண்ணுமே தெரியல அத்தை. தொட்டது தெரியல." சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. "மூடப் போறாங்க. எனக்குத் தெரியவே இல்ல."

மூடியைத் தூக்கி நின்ற இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் அடுத்த சாவுக்காரர்கள் காத்திருப்பார்கள். போதகர் தொண்டையைச் செருமினார். மெலெனைதே யார் பக்கமும் திரும்பாமல் ஒரு கையை உயர்த்தினார். கூடம் அடங்கியது. அப்புறம் யாரோ புத்திசாலித்தனமாக இன்னொரு பாட்டை எடுத்துக்கொடுக்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

அத்தை லெசியேலியின் கைகளைத் தன் அக்குளுக்குள் செருகி இறுக்கிக்கொண்டார். ஆட்டுக்கொழுப்பும் தண்ணீரும் அவருடைய கறுப்புச் சட்டையெல்லாம் ஒட்டின.

"இரு, இரு. கை உசுருக்கு வரட்டும்" என்றார்.

அந்த வார்த்தை கிடங்கில் பிறந்தது என்றே லெசியேலி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அது இவர்கள் வீட்டு வார்த்தை. குளிரே தெரியாத தீவில், யாரோ ஒரு அம்மா ஏதோ ஒரு மழை நாளில் அப்பாவுக்கும் அத்தைக்கும் சொன்னது. அவள் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அப்பாவின் அதே அகலமான நெற்றி.

முதலில் ஒன்றுமில்லை. பாட்டில் ஒரு அடி போயிற்று, இன்னொரு அடி போயிற்று. பிறகு விரல் நுனியில் குத்த ஆரம்பித்தது. குத்தல் உள்ளங்கைக்கு ஏறி, கை முழுக்க எரிந்தது. அவள் பல்லைக் கடித்தாள்.

"வலிக்குது அத்தை."

"வலிக்கட்டும். இப்பப் பிடி."

பிடித்தாள். தலை சில்லென்றிருந்தது. அவள் நினைத்ததைவிடச் சின்னது. இத்தனை அகலமான ஆளுக்கு இவ்வளவு சின்னத் தலை. முடி முரடாக இல்லை, மெத்தென்றிருந்தது. இடது காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மேடு. அப்படி ஒன்று இருப்பதை அவளிடம் யாரும் சொன்னதில்லை. கட்டை விரலால் அதைத் தடவினாள். மறுபடி தடவினாள். அப்பாவுக்கு இது இருந்திருக்கிறது, இத்தனை வருஷமும் இங்கேதான் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வராத அழுகை வந்துவிட்டது. அவள் குனிந்து அவர் நெற்றியில் தன் முகத்தை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள்.

பாட்டு முடிந்துபோயிற்று. அத்தை மறுபடியும் ஒரு கையை உயர்த்தினார். மூடியைத் தூக்கி நின்றவர்கள் அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நின்றார்கள்.